பழைய ட்வென்டிநைனர் வாங்க நினைப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று மாலை காசிமேட்டில், ட்வென்டிநைனர் என்ற வகையைச் சேர்ந்த என் இருவர் பாய்மரப் படகின் அடிப்பாகத்தில் சிறு துளையிட்டுப் பார்த்தபோது உள்ளிருந்து தண்ணீர் ஒழுகியது. நான்கு நாட்களாக நிழலில் கவிழ்த்துப் போட்டு உலர வைத்திருந்த படகு அது. அதற்கு நான் கொடுத்த விலை 4,85,000 ரூபாய். கோபம் தணிந்த பிறகு எழுதலாமே என்று மனைவி சொன்னாள். ஆனால் அதே விற்பனையாளர் அதே செயலியில் இன்று காலை இன்னொரு படகை விளம்பரப்படுத்தியிருப்பதைக் கண்ட பிறகு என்னால் காத்திருக்க முடியவில்லை.

நானும் என் அத்தை மகனும் சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவர்கள். வேகமான இருவர் படகு ஒன்றைச் சொந்தமாக வாங்க வேண்டும் என்பது ஐந்தாண்டுக் கனவு. சென்னைப் பாய்மர வீரர்கள் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்று, பிறகு டோக்கியோ ஒலிம்பிக் வரை சென்றது ஃபார்ட்டிநைனர் வகைப் படகில். ஆசை முதலில் அதன் மேல்தான் போனது. ஆனால் அதில் இருவருமே பாய்மரத்திலிருந்து வரும் ட்ரபீஸ் கம்பியில் படகுக்கு வெளியே தொங்கியபடி, முன்னால் பலூன் போல விரியும் 38 சதுர மீட்டர் பாயான ஸ்பின்னக்கரைச் சமாளிக்க வேண்டும். எங்கள் இருவரின் எடையும் சேர்ந்தே 128 கிலோதான். அதை வடிவமைத்த ஜூலியன் பெத்வெயிட்டே வடிவமைத்த, ஒரே ட்ரபீஸ் கொண்ட சிறிய ட்வென்டிநைனர்தான் எங்களுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்தோம். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் வெண்கலம் வென்றது இந்த வகைப் படகில்தான். இந்தத் தேர்வில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. விற்ற ஆளை நம்பியதில்தான் இருக்கிறது.

பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். விற்றவர் மேற்குக் கடற்கரையில் நீர் விளையாட்டுச் சாதனங்கள் விற்கும் கடைக்காரர். விலை 5,00,000 ரூபாய். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் இருவரின் எடை எவ்வளவு, சார்?" என்பதுதான். அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். பணத்தைப் பற்றிப் பேசாமல் எடையைக் கேட்கிறாரே, இவர் படகோட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். காற்றை எதிர்த்துச் செல்லும்போது மெயின் பாயின் கயிற்றை முன்னால் இருப்பவர் பிடிக்கட்டும், சுக்கான் பிடிப்பவர் படகைச் சாயாமல் வைத்திருப்பதில் மட்டும் கவனம் வைக்கட்டும் என்று அரை மணி நேரம் பாடமே நடத்தினார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. படகைப் பற்றி அறிந்தவன் படகை விற்கும்போது பொய் சொல்ல மாட்டான் என்று எந்த அடிப்படையில் நம்பினேன் என்பது எனக்கே விளங்கவில்லை. காணொளி அழைப்பில் பளபளக்கும் வெள்ளை உடலைச் சுற்றிக் காட்டினார். வெற்று உடலின் எடை 74 கிலோ, புதுப் படகின் எடை அப்படியே இருக்கிறது என்றார். செயலி வழியாகச் செலுத்தாமல் நேரடியாக வங்கிக் கணக்கில் போட்டால் 15,000 ரூபாய் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அன்று இரவே 4,85,000 ரூபாயை அனுப்பினேன்.

லாரியிலிருந்து இறக்கும்போதே கனமாக இருந்தது. மகிழ்ச்சியில் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் நாள் மிதமான கொண்டல் காற்றில் பாய் விரித்தோம். இவ்வகைப் படகுக்கு வேகம்தான் நிலைத்தன்மை. ஸ்பின்னக்கர் போன்ற முன்பாயான ஜென்னக்கரை ஏற்றிக் காற்றின் போக்கில் செல்லும்போது வேகம் கூடக் கூடப் பாயின் மேல் விழும் காற்றின் அழுத்தம் குறையும். ஆகவே பலத்த காற்று அடித்தால் படகை மேலும் காற்றின் போக்கில் திருப்பி ஓட விட வேண்டும், தயங்கி வேகத்தைக் குறைத்தால் கவிழும். நாங்கள் சரியாகத்தான் திருப்பினோம். ஆனால் படகு நீர்ப்பரப்பின் மேல் எழும்பி ஓடவே இல்லை. காற்றின் சுமை முழுவதும் பாயில் தங்க, மூக்கு தண்ணீருக்குள் புகுந்து, இருவரும் முன்னால் தூக்கி எறியப்பட்டோம். ஜென்னக்கரை இறக்கிவிட்டுப் படகை நிமிர்த்திய பிறகும் மூக்கு தாழ்ந்தே இருந்தது. எங்கள் கைத்திறன் போதவில்லை என்று எண்ணி இரண்டு வாரம் எங்களையே நொந்துகொண்டோம் என்பதுதான் எனக்கு மிகவும் உறைக்கிறது.

பிறகுதான் மீன் வியாபாரி ஒருவரிடம் தராசு இரவல் வாங்கி, எல்லாத் துணைக்கருவிகளையும் கழற்றிவிட்டு நிறுத்துப் பார்த்தோம். 91 கிலோ. ஃபைபர் படகு பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் நாணயத்தால் உடலெங்கும் தட்டிக்கொண்டே வந்தார். படகின் அடியில் நீருக்குள் இறக்கும் பலகையான டேகர்போர்டின் கூட்டைச் சுற்றி 'டக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்' என்று கேட்டது. "தம்பி, உள்ளே இருக்கிற நுரை முழுக்கத் தண்ணி குடிச்சிருக்கு. மேலே பெயின்ட் அடிச்சுக் கொடுத்திருக்கான்" என்றார். இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே நுரையை வைத்துச் செய்யப்படும் உடல் இது. தோலிலிருந்து நுரை பிரிந்து நீர் ஏறிவிட்டால், வெட்டி எடுத்துப் புது நுரை வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. போதாக்குறைக்கு, கட்டிய நிறுவனத்தின் தகடு இருந்த இடத்தில் திருகாணித் துளைகளை அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தார்கள். தகடு இல்லாத படகைப் பந்தயத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

கடைக்காரர் முதல் நாள், லாரியில் அடிபட்டிருக்கும் என்றார். அடிபட்டால் ஒரே நாளில் 17 கிலோ நீர் ஏறுமா என்று கேட்டதற்கு, கடலில் இறக்கிவிட்டீர்கள், இனி என் பொறுப்பல்ல என்றார். படகைக் கடலில் இறக்காமல் வேறு எங்கே இறக்குவது? மூன்றாவது அழைப்பை வேறொருவர் எடுத்து, முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார். அதே முதலாளி அன்று மாலை புதிய விளம்பரத்துக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். செயலியின் உதவி மையமோ, பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை என்ற ஒரே வாக்கியத்தை நான்கு முறை அனுப்பியது. 15,000 ரூபாய் தள்ளுபடி எதற்காக என்பது அப்போதுதான் புரிந்தது. 4,85,000 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது வங்கி ரசீதும் ஈர நுரையும் மட்டுமே.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வழக்கறிஞரைப் பார்க்கப் புறப்பட வேண்டியிருப்பதால் அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் கண்ணெதிரே தராசில் ஏற்றாத படகுக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். மேல்தளத்தையும் டேகர்போர்டு கூட்டைச் சுற்றியும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். தகட்டிலுள்ள எண்ணைப் படம் எடுத்து, இவ்வகைப் படகுகளுக்கான வகுப்புச் சங்கத்திடம் கேட்டுவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய படகு வேண்டவே வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார். இன்று காலை வந்த விளம்பரத்தில் இருப்பதும் வெள்ளை ட்வென்டிநைனர், அதே 5,00,000 ரூபாய் விலை. அவர் உங்கள் எடையைக் கேட்டால், படகின் எடையைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.