"பாரம்பரியத் தோட்டம்" என்று வருபவர்களிடம் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

திருச்சிப் பக்கம் வீடு கட்டி, வாசலிலும் கொல்லையிலும் கொஞ்சம் மண் விட்டு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பழைய வீடுகளில் இருப்பது போலத் தோட்டம் போட்டுத் தருகிறேன் என்று ஒரு கான்ட்ராக்டர் எங்களிடம் 1,40,000 ரூபாய் பேசி, ஒரு லட்சத்தை முன்பணமாக வாங்கினார். மீதியையும் வேலை முடிந்த அன்றே வாங்கிக்கொண்டு போனவர் இப்போது போனை எடுப்பதில்லை.

நாங்கள் கேட்டது பெரிய விஷயமே இல்லை. வாசலில் செங்கல்லில் கட்டிய துளசி மாடம், முல்லைக்கு ஒரு பந்தல், மதில் ஓரம் செம்பருத்தி, இட்லிப்பூ, கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற பக்கம் வாழை, கொல்லையில் ஒரு ஒட்டு மா. ஏற்கெனவே இருந்த நந்தியாவட்டையைத் தொடக் கூடாது என்று என் மாமியார் அவரிடம் நேரிலேயே சொன்னார். "கவலைப்படாதீங்கம்மா, அதை வச்சுத்தான் டிசைனே" என்றார். நாங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அதை வேரோடு பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து வெள்ளைக் கூழாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அத்தை தினமும் பூஜைக்குப் பூப்பறித்த செடி. இதை எந்தப் பணத்தாலும் ஈடு செய்ய முடியாது.

செங்கல் மாடத்துக்குப் பதில் ஃபைபரில் வார்த்த ஒன்றை வைத்தார்கள், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கிடையாது, அதுவும் போர்டிகோ நிழலில். வெயில் இல்லாமல், வேரில் தண்ணீர் தேங்கி, துளசி அழுகிப்போனது. மதில் ஓரம் முழுக்கக் கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரக்கன்றுகள். தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்திலேயே இதை வளர்க்கவும் விற்கவும் தடை போட்டிருக்கிறது. அதைக் கொண்டு வந்து "சீக்கிரம் வேலி மாதிரி அடர்த்தியா வரும்க்கா" என்று நட்டுவிட்டுப் போகிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மோசடி மண்ணுக்குள் இருந்தது. செம்மண் நிரப்பியதாகத் தனியாகக் காசு வாங்கினார்கள். கொஞ்ச நாளில் இட்லிப்பூவின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டன. தோண்டிப் பார்த்தால் மேலே நான்கு விரல் கனத்துக்குச் செம்மண், அதற்குக் கீழே உடைந்த செங்கல், சிமென்ட் பூச்சு, டைல்ஸ் துண்டு. சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும், அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. உரக்கடைக்காரர் சத்துத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், கட்டட இடிபாட்டை எடுக்காமல் எதைத் தெளித்து என்ன ஆகப்போகிறது? ஒட்டு மா என்று நட்டதில் தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பே இல்லை. சாதாரண விதைக்கன்று.

ஆகவே, எந்தச் செடி, எத்தனை, எவ்வளவு உயரம், எந்த இடத்தில் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். படத்தைக் காட்டினால் நம்பாதீர்கள், அவர்கள் போட்ட தோட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். மண் நிரப்பும் அன்று வீட்டில் ஒருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும், இரண்டடியாவது தோண்டிப் பார்த்த பிறகுதான் செடி நட விட வேண்டும். கன்றுகளை அரசு தோட்டக்கலைப் பண்ணையில் நீங்களே வாங்கினால் செலவும் குறையும்.

ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தோண்டிய குழியின் படங்கள் எல்லாம் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சத்துக்குள் கொடுத்த பணத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் பேசியும் பார்க்கலாம். திருச்சியில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஆள் ஒருவர்தானா என்று பார்த்துவிட்டு எல்லோரும் ஒன்றாகவே போகலாம்.