அமிலாய்டைக் கண்டுபிடிக்க: பெட் ஸ்கேனா, தண்டுவட நீரா?

அல்சைமர் நோயில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியும். மறதிக்குக் காரணம் அல்சைமர்தானா என்று பார்க்க மருத்துவர் இரண்டு வழி சொல்வார்: கதிரியக்க மருந்து ஏற்றி மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன், அல்லது முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீர்ப் பரிசோதனை. எதற்குச் சரி சொல்வது என்று பலரும் குழம்புகிறார்கள்.

செலவு: பெட் மிக அதிகம். அதில் ஏற்றும் ஃபுளூரின்-18 மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். தயாரித்த கையோடு கொண்டுவர வேண்டும்.
தண்டுவட நீர்: குறைவு.

சிரமம்: பெட்டில் கையில் ஓர் ஊசி, கொஞ்சம் காத்திருப்பு, அப்புறம் அசையாமல் படுக்க வேண்டும்.
மற்றதில் பக்கவாட்டில் சுருண்டு படுக்க, கீழ்முதுகில் ஊசி இறங்கும். கேட்கவே பயம்தான், ஆனால் பெரும்பாலும் பெரிய சிக்கல் இருக்காது, சிலருக்குத் தலைவலி வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிடைக்கும் தகவல்: பெட், படிவு மூளையில் எங்கே, எவ்வளவு என்று காட்டும்.
தண்டுவட நீரில் கணக்கு தலைகீழ். அமிலாய்டின் ஒரு வகையான அமிலாய்டு-42 குறைந்தால்தான் கவலை. மூளையிலேயே படிந்துவிடுவதால் நீரில் குறைகிறது. அல்சைமரோடு தொடர்புள்ள இன்னொரு புரதமான டௌவையும் அதிலேயே அளக்கலாம். ஆனால் அமிலாய்டு-42 குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால் பாலிபுரோப்பிலீன் குழாயில்தான் பிடிப்பார்கள். தவறான குழாய் என்றால் நோயில்லாதவருக்கும் அளவு குறைந்து தெரியும்.

முதல்முறை உறுதிசெய்ய என் ஓட்டு தண்டுவட நீருக்கே. லெக்கனமாப், டொனனமாப் போன்ற, அமிலாய்டை அகற்றும் மருந்து ஏற்றிய பிறகு படிவு கரைந்ததா என்று பார்க்க பெட்தான். முதுகில் அறுவை செய்தவர்களுக்கும் அதுவே வசதி.