மூடவும் தெரிந்த சைலன்சர்: பழைய 911-க்கு ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் மாட்ட நான்கு வழிகள்

சத்தத்தை அடக்குவதால்தான் அதற்குச் சைலன்சர் என்று பேர். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, சத்தம் போடுகிற சைலன்சரைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் நேர்மையான பதில் இல்லை. என்னிடம் இருப்பது 2007-ஆம் வருட போர்ஷே 911 கரேரா எஸ். 997 என்று எண்ணால் சொல்லப்படும் தலைமுறை. பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும் 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் பாக்ஸர் என்ஜின், 355 குதிரைத்திறன். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஊருக்குள் ஓட்டினால் நல்ல வாஷிங் மெஷின் ஓடுவது மாதிரிதான் கேட்கும். அந்த என்ஜினுக்கு அது அவமானம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குத் தோன்றவில்லை.

இந்தக் காருக்குச் சத்தம் சேர்க்க நான்கு வழிகள் உண்டு. டீலரிடம் கொடுத்து போர்ஷேயின் சொந்த ஸ்போர்ட் எக்ஸாஸ்டை, அதாவது சத்தம் கூட்டும் சைலன்சர் ஜோடியை, மாட்டலாம். அதே பாகங்களை வாங்கி வீட்டு கராஜில் நாமே மாட்டலாம். இருக்கிற சைலன்சரையே வெட்டி, குறுக்கே ஒரு குழாயை வெல்டிங் வைத்து ஏமாற்றலாம். அல்லது அக்ரபோவிச், ஃபேப்ஸ்பீட் மாதிரி வெளி நிறுவனங்களின் எக்ஸாஸ்டுக்குப் போகலாம். நான் இரண்டாவது வழியில் போனேன். மூன்றாவது வழியில் போன நண்பனின் காரில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். எனவே என் பக்கச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், போர்ஷே விற்கிற பொருள் என்ன? பாக்ஸர் என்ஜினில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று சிலிண்டர்கள் படுத்திருக்கின்றன. 997-இல் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் குழாய், தனி கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்), பின்சக்கரத்துக்குப் பின்னால் தனிச் சைலன்சர். எல்லாமே ஜோடி, ஆகவே செலவும் வேலையும் இரட்டை. ஸ்போர்ட் எக்ஸாஸ்டின் சைலன்சருக்குள் புகைக்கு இரண்டு பாதைகள்: அறை அறையாகச் சுற்றி வரும் நீளமான பாதை, நேரே வெளியே போகும் குறுக்கு வழி. குறுக்கு வழியின் வாயில் ஒரு தகட்டுக் கதவு. அதை இழுத்து மூடுவது மின்மோட்டார் இல்லை, என்ஜினிலிருந்து ரப்பர் குழாய் வழியாக வரும் வேக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. வேக்யூம் இருந்தால் கதவு மூடும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் அதைத் திறந்தே வைத்திருக்கும்.

இந்தச் சின்ன விவரத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. குழாய் வெடித்தாலும் கழன்றாலும் கார் அமைதியாகாது, சத்தமாகத்தான் ஆகும். எப்போதும் திறந்தே இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் வேக்யூம் குழாயைப் பிடுங்கிவிட்டு, அதன் வாயில் கோல்ஃப் பந்து வைக்கும் சின்ன மர ஆணியைச் செருகிவிடுவார்கள். அளவு கச்சிதமாகப் பொருந்தும். போர்ஷே வைத்திருப்பவன் வீட்டில் அந்த ஆணி கிடைப்பதும் கஷ்டமில்லை.

டீலர் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. போர்ஷேக்கு டெக்விப்மென்ட் என்று ஒரு பிரிவே இருக்கிறது, ஓடுகிற காரில் பின்னாளில் சேர்க்கும் பாகங்களுக்காக. புதுப் பாகங்கள், பயிற்சி பெற்ற கை, காரின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி, கடைசியில் கையெழுத்திட்ட ரசீது. உங்கள் கார் புதிது, வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் மற்ற மூன்றையும் மறந்துவிட்டு அங்கேயே போங்கள். 2007 மாடல் காருக்கு அந்த மணிக்கூலியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

நாமே மாட்டுவதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்று இரும்பு வேலை, இன்னொன்று ஒயர் வேலை.

இரும்பு வேலையில் எதிரி ஒன்றே ஒன்று: நட்டு. பல வருடம் பழுக்கக் காய்ந்து, குளிர்ந்து, மறுபடி காய்ந்த நட்டு. நான் இருப்பது கலிபோர்னியாவின் கடலோரப் பக்கம். இங்கே பனிக்காகச் சாலையில் உப்புத் தூவும் வழக்கம் இல்லை, ஆகவே துரு குறைவு. அப்படியும் சூடு தன் வேலையைக் காட்டியிருந்தது. முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை எல்லா நட்டிலும் அடித்து வைத்தேன், காலையில் இன்னொரு முறை. கார் நான்கு ஜாக் ஸ்டாண்டில். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவர்களிடம் நான் பேசுவதில்லை. வலது பக்கம் சாதுவாக வந்தது. இடது பக்கத்தில் குழாயையும் சைலன்சரையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பின் நட்டு அசையவே இல்லை. இரண்டடி நீளப் பிடி போட்டு இழுத்தேன். உதவிக்கு வந்த நண்பன், "மச்சான், அவுக்காத, முதல்ல கொஞ்சம் இறுக்கு" என்றான். இறுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட்டே முறிந்துவிட்டது என்று நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. முறியவில்லை, துருதான் விட்டிருந்தது. அதன்பிறகு கால் சுற்று இறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, எண்ணெய் விட்டு, இப்படியே இருபது நிமிடம். அந்த ஒரு நட்டுக்கு ஆன நேரத்தில் வலது பக்கம் முழுவதும் முடிந்திருந்தது.

பின் பம்பரைக் கழற்றாமலேயே செய்துவிடலாம் என்பவர்கள் உண்டு. செய்யலாம்தான். நான் கழற்றினேன். டெயில் லைட்டை எடுத்து, மேலே, சக்கர வளைவுக்குள், அடியில் என்று ஸ்க்ரூக்களைத் தேடித் தேடி அவிழ்க்க ஒரு மணி நேரம் கூடுதல். பதிலுக்கு சைலன்சரை வெளிச்சத்தில் நின்றுகொண்டே பார்க்க முடிகிறது, விரல் முட்டி கிழிவதில்லை. பம்பரை உருவும்போது ஆளுக்கொரு பக்கம் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே போகும் ஒயர்களை முதலில் பிரித்துவிட வேண்டும்.

புதுச் சைலன்சரை ஏற்றும்போது எந்த நட்டையும் முழுசாக இறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் கையிறுக்கத்தில் விட்டு, பம்பரை மாட்டி, வெளியே தெரியும் குழாய் முனை இரண்டும் பம்பரின் வெட்டுக்கு நடுவே சமமாக நிற்கிறதா என்று ஐந்தடி தள்ளிப்போய்ப் பார்த்து, அப்புறம்தான் இறுக்க வேண்டும். என் இடது முனை வலதைவிட ஒரு விரல்கடை தாழ்ந்து நின்றது. ஒரு வாரம் பார்க்காதது போல நடித்தேன். எட்டாம் நாள் மறுபடி காரைத் தூக்கினேன்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. பளபளக்கும் ஸ்டீலில் நம் கைரேகை பட்டிருந்தால், முதல் சூட்டிலேயே அது வெந்து பழுப்புக் கறையாக நிரந்தரமாகிவிடும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆல்கஹால் தோய்த்த துணியால் எல்லா இடத்தையும் துடையுங்கள். நான் துடைத்தேன், ஒரு இடம் தப்பிவிட்டது. இன்றைக்கும் வலது முனையின் அடியில் என் கட்டைவிரல் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் மிச்ச எண்ணெய் எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம்.

சரி, ஒயர் வேலை. தொழிற்சாலையில் மாட்டி வரும் காரில், நடுவே கியருக்குப் பக்கத்தில் உள்ள பட்டன் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது, கம்ப்யூட்டர் வேக்யூமைத் திறந்து மூடும் வால்வுக்குச் சொல்கிறது. கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில் கம்ப்யூட்டருக்கும் பங்கு உண்டு. நாமே மாட்டும்போது இந்தப் பேச்சுவார்த்தையை விட்டுவிட்டு, ஒரு சாதாரண ஸ்விட்ச், ஒரு ஃப்யூஸ், அங்கிருந்து நேராக வேக்யூம் வால்வுக்கு ஒயர் என்று முடித்துக்கொள்பவர்கள் நிறைய. நானும் அதைத்தான் செய்தேன். கம்பெனி வடிவத்தில் விளக்கு எரியும் பட்டன் கிடையாது. ஆனால் நான் மூடு என்றால் மூடுகிறது, திற என்றால் திறக்கிறது, நடுவில் கருத்துச் சொல்ல யாரும் இல்லை. என் கணக்கில் இது கம்பெனி முறையைவிட மேல். காரை விற்கும்போது வாங்குபவர் இதையே குறையாகச் சொல்லுவார் என்பதும் தெரியும்.

இப்போது மூன்றாவது வழி, முதலில் சொன்ன நண்பனுடையது. 997-இன் சாதாரணச் சைலன்சரில் உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் குழாயை வெல்டிங் வைத்துவிட்டால் புகையில் ஒரு பகுதி சைலன்சருக்குள் போகாமலே நழுவிவிடும். செலவு மற்ற மூன்று வழிகளைவிட மிகமிகக் குறைவு. சத்தமும் நன்றாகவே இருக்கிறது, அதில் வஞ்சகம் பேச மாட்டேன். அவன் கொடுத்த பட்டறையில் இரண்டு பக்கக் குழாயும் ஒரே அளவாக வைக்கவில்லை. பின்னால் நின்று கேட்டால் இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு கார் நிற்பது போல் இருக்கும். நல்ல கை கிடைத்தால் இது வராது. நான் சொல்ல வரும் குறை வேறு: இதற்குக் கதவு இல்லை.

கதவு இல்லாததன் விலை பெருஞ்சாலையில் தெரியும். ஆறாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போனால் என்ஜின் 2,500 சுற்றை ஒட்டி ஓடுகிறது. ஆறு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு, ஆக நிமிடத்துக்கு 7,500, நொடிக்கு 125. இந்த 125 ஹெர்ட்ஸ் ஒரு பாட்டின் அடிநாதம் போல இருந்தால் பரவாயில்லை. மூடிய காருக்குள் அது மண்டைக்குள் வண்டு புகுந்தது போல ரீங்கரிக்கும். பத்து நிமிடம் ஜாலி. லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர ஐந்தரை மணி நேரம். அவன் இப்போதெல்லாம் நெடும்பயணத்துக்கு மனைவியின் டொயோட்டாவை எடுக்கிறான்.

இந்த வழியில் போவதானால் ஒரே ஒரு யோசனை: உங்கள் காரில் இருக்கும் சைலன்சரை வெட்டாதீர்கள். யாரோ கழற்றிப் போட்ட இன்னொரு ஜோடியைச் சல்லிசாக வாங்கி அதை வெட்டுங்கள். ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் மாட்டியவர்கள் எல்லோர் வீட்டுப் பரணிலும் ஒரு ஜோடி கிடக்கும். என் வீட்டிலும் கிடக்கிறது, நான் விற்க மாட்டேன்.

வெளி நிறுவனங்களின் எக்ஸாஸ்ட் தனி உலகம். டைட்டானியத்தில் கிடைக்கிறது, எடை கணிசமாகக் குறையும். 911-இல் சைலன்சர் தொங்குவது காரின் கடைசிக் கோடியில், பின் அச்சைத் தாண்டி, அதனால் அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் மற்ற கார்களில் இருப்பதைவிட மதிப்பு அதிகம். கதவு வைத்ததும் உண்டு, வைக்காததும் உண்டு. சிக்கல் என்னவென்றால், வாங்கும் முன் கேட்டுப் பார்க்க வழியில்லை. வீடியோவை நம்பாதீர்கள். போன் மைக் உரத்த சத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், போனின் சின்ன ஸ்பீக்கர் அடித்தொனியை விழுங்கிவிடும். நம்மைக் கொல்லப் போகும் அந்த 125 ஹெர்ட்ஸ் வீடியோவில் உறைக்காது. யாருடைய காரிலாவது ஒரு மணி நேரம் பெருஞ்சாலையில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு கார்டை நீட்டுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் வழிகள் பிரிகின்றன. கலிபோர்னியாவில் கார் எக்ஸாஸ்டுக்கு வரம்பு 95 டெசிபல். 2019 முதல், பிடிபட்டால் சரிசெய்து காட்டித் தப்பிக்கும் சலுகையும் போனது, நேரே அபராதம்தான். கேட்டலிடிக் கன்வர்ட்டரைத் தொடவே கூடாது, அது அமெரிக்கா முழுவதற்கும் கூட்டாட்சிச் சட்டம். சைலன்சர் அதற்குப் பின்னால் வருவதால் நான்கு வழியுமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. மான்ட்டெரே பக்கத்தில் இருக்கும் லகூனா செகா ரேஸ் டிராக்கிலோ பெரும்பாலான நாட்களில் 90 டெசிபலை ஒட்டித்தான் அனுமதி. டிராக் ஓரத்துக் கருவி அளந்து, மீறினால் கறுப்புக் கொடி காட்டி வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். கதவை மூட முடிந்தவன் மூடிவிட்டு ஓட்டுகிறான். முடியாதவன் கருவி இருக்கும் இடம் வந்ததும் காலை எடுத்துவிட்டு, தாண்டியதும் மிதிக்கிறான்.

ஆக என் வரிசை இது. பழைய கார், கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரியும், பக்கத்தில் ஒரு நண்பன் உண்டு என்றால் செகண்ட் ஹேண்டில் கம்பெனி எக்ஸாஸ்டை வாங்கி நீங்களே மாட்டுங்கள். உப்புத் தூவும் மாநிலத்திலிருந்து வரும் பாகம் என்றால் கதவு அச்சு துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று படம் கேட்டு வாங்குங்கள். வாரக் கடைசியில் மலைப்பாதையில் மட்டும் ஓட்டும் கார் என்றால் வெல்டிங் வழியே போதும். ரேஸ் டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்களும் எடை பார்க்கிறவர்களும் டைட்டானியம் பக்கம் போவார்கள், என்னைக் கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது ஸ்விட்சை மூடு பக்கம் வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். ஆனால் ராத்திரி முழுவதும் நின்றதில் வேக்யூம் இறங்கியிருக்கும், கதவு திறந்தே கிடக்கும். என்ஜின் பற்றி, வேக்யூம் ஏறி, கதவு சாத்த ஒரு நொடியோ இரண்டோ ஆகும். எதிர்வீட்டு நாய்க்கு அது போதும். "என்னங்க, கிளம்பிட்டீங்களா?" என்று மாடியிலிருந்து குரல் வரும்.