பயணக் கலைஞர்களுக்கு ஒரு ஃபிளைட் கேஸ்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நானும் என் கணவரும் பல்சுவை மேடைக் கலைஞர்கள். அவர் ஜக்ளிங் செய்கிறார், அதாவது பந்துகளையும் கட்டைகளையும் மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கிறார். நான் பொம்மையைப் பேசவைக்கிறேன். ஆண்டின் பெரும்பகுதியை ஊர்விட்டு ஊர் போவதிலேயே கழிக்கும் எங்களுக்கு நிலையான மேடையும் கிடையாது, சாமான்களைப் போட்டுவைக்க மேடைக்குப் பின்னால் ஓர் அறையும் கிடையாது. நாற்பது நிமிட நிகழ்ச்சிக்கு வேண்டிய அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். அந்தப் பெட்டி வந்துசேராவிட்டால் நாங்கள் வந்துசேர்ந்தும் பயனில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், இசைக்குழுக்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் பெட்டி செய்துதரும் ஒரு பட்டறையில், எங்கள் சாமான்களுக்கு ஏற்ற அளவில் ஒரு ஃபிளைட் கேஸ், அதாவது பயணத்தில் சாமான் அடிபடாமல் காக்கும் உறுதியான பெட்டி, செய்வித்தோம். அதைப் பற்றி எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்படி எழுத வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம்.

பெட்டி 80 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம் கொண்டது. சுவர்கள் 9 மி.மீ. பிர்ச் பிளைவுட், விளிம்புகளில் அலுமினியச் சட்டம், எட்டு மூலைகளிலும் உருண்டையான எஃகுக் குமிழ்கள். தாழ்கள் பலகைக்குள் பதிந்திருக்கும், இறக்கை போன்ற பிடியைத் திருகி மூடும் பட்டர்ஃபிளை வகையைச் சேர்ந்தவை என்பதால், லாரியில் பக்கத்துப் பெட்டி உரசினாலும் எதுவும் மாட்டி இழுபடுவதில்லை. இந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஏறக்குறைய 2.4 மீட்டர் உள்ளகலம் உள்ள லாரியில் 80 செ.மீ. பெட்டிகள் மூன்றையோ 40 செ.மீ. பெட்டிகள் ஆறையோ இடைவெளியின்றி வரிசையாக அடுக்கலாம். பெரிய குழுவின் லாரியில் ஓர் ஓரத்தை இரவல் கேட்டுப் பயணம் செய்யும் எங்களுக்கு, அடுக்கில் பொருந்துகிற பெட்டி என்பது பெரிய சலுகை. உறுதியைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று ஆண்டுகளில் மூலைக் குமிழ்களில் சில நெளிவுகள் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு அதன் உள்ளே இருக்கிறது. இதற்கு முன் வைத்திருந்த பெட்டியில் சாதாரண பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு போட்டிருந்தார்கள். அது நாளடைவில் ஈரத்தை வாங்கி உதிரத் தொடங்கி, ஒருநாள் என் பொம்மையின் தாடைக் கீலுக்குள் கருந்துகளாகப் போய் ஒட்டிக்கொண்டது. மேடையில் நின்று நான் பேசப் பேச, பொம்மையின் வாய் திறந்தபடியே நின்றது. விரலால் உள்ளிருந்து தள்ளித் தள்ளி அந்த நிகழ்ச்சியை முடித்தேன். அன்றிரவு ஊசியும் பஞ்சும் வைத்துக்கொண்டு கீலைத் துடைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆகவே இம்முறை மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலிஎத்திலீன் ஃபோம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். அது உதிரவில்லை, தண்ணீரை உறிஞ்சவில்லை, மழையில் நனைந்த கட்டைகளை அப்படியே வைத்து மூடிய இரவுகளிலும் மறுநாள் துடைத்தால் போதுமாக இருந்தது.

அந்த ஃபோமில் ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் உருவத்தில் குழி வெட்டப்பட்டிருக்கிறது. கர்லாக்கட்டையை மெலிதாக்கிய வடிவில் இருக்கும் ஏழு ஜக்ளிங் கட்டைகள், ஒவ்வொன்றும் 52 செ.மீ. நீளம், தலைமாற்றித் தலைமாற்றிப் படுத்திருக்கும். பொம்மையின் தலை தனியாக, முகம் மேல்நோக்கி, தாடையில் எதுவும் படாதபடி ஆழமான குழியில் இருக்கும். உடல் பகுதியும் உடைகளும் மூடிப் பக்கத்துப் பையில். நிகழ்ச்சி முடிந்து, அரங்கின் காவலர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கும் இருபது நிமிடங்கள் எங்கள் வாழ்க்கையின் மிக அவசரமான நேரம். உடல் களைத்திருக்கும், விளக்குகள் பாதி அணைந்திருக்கும், அடுத்த ஊருக்கான வண்டி புறப்படத் தயாராக இருக்கும். அந்த நேரத்தில் பட்டியலைப் படித்துச் சரிபார்க்க யாராலும் முடியாது. ஆனால் மூடியைச் சாத்தும்முன் ஒரு பார்வை பார்த்தாலே காலியாக இருக்கும் குழி கண்ணில் பட்டுவிடும். ஒருமுறை ஐந்தாவது பந்தின் குழி காலியாகத் தெரிந்தது; பின்திரையின் மடிப்புக்குள் உருண்டு கிடந்த பந்தைத் தேடி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினோம். கையால் தைத்து, எடை சரிபார்த்து, பல மாதம் பழகிய பந்து அது. வழியில் எங்கும் வாங்கி ஈடுசெய்ய முடியாது.

இனிக் குறைகள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. வருகிறது, பல விமான நிறுவனங்கள் சரக்கறைப் பெட்டிக்கு வைத்திருக்கும் வழக்கமான எல்லையும் அதுவே. ஆனால் விமான நிலையத்தில் சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தே அளப்பார்கள். பட்டறைக்காரர் அடியில் நிலையாகப் பொருத்தித் தந்த 100 மி.மீ. சக்கரங்கள், தாங்கியோடு சேர்த்து உயரத்தை 13 செ.மீ. கூட்டிவிட்டன. முதல் விமானப் பயணத்திலேயே அளவு மீறிய சுமைக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது, அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்த ஊதியத்தில் கணிசமான பகுதி அதிலேயே போயிற்று. விமானத்தில் போகும் பெட்டி என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தும், இதைப் பட்டறை எங்களிடம் கேட்காதது தவறு என்றே இன்றும் கருதுகிறேன். பின்னர் சக்கரங்களைக் கழற்றி, பெட்டி உட்காரும்படி தனிச் சக்கரப் பலகை ஒன்றைச் செய்து வாங்கினோம். சாலைப் பயணத்தில் பலகை கூட வரும். விமானப் பயணத்தில் அதை விட்டுவிட்டு, நிலையத்துத் தள்ளுவண்டியை நம்புகிறோம்.

எடை இன்னும் பெரிய பிரச்சினை. சக்கரங்களைக் கழற்றிய பிறகும் வெறும் பெட்டியே 12 கிலோ இருக்கிறது. பரவலாக அனுமதிக்கப்படும் 23 கிலோவில் மிச்சம் 11 கிலோவுக்குள் இருவருடைய கலையும் அடங்க வேண்டும். கட்டைகள் ஏழும் சேர்ந்து ஒன்றரைக் கிலோதான். உருளைமேல் பலகை வைத்துச் சமநிலை காட்டும் வித்தைக்கான சாமான்தான் கனம். பெட்டியின் சுவர்களை 6.5 மி.மீ. பலகையில் செய்திருந்தால் இரண்டரைக் கிலோ வரை குறைந்திருக்கும். எங்கள் சுமைக்கு அந்தப் பலகையே தாராளமாகத் தாங்கும் என்று இப்போது தெரிகிறது. மாடிப்படிகளில் சக்கரம் உதவாது என்பதால், இருபுறமும் உள்ள ஸ்பிரிங் கைப்பிடிகளைப் பற்றி இருவரும் தூக்கிச் செல்லும் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டரைக் கிலோவை முதுகு நினைவுபடுத்துகிறது.

ஒளிரும் கட்டைகளின் மாற்று லித்தியம் பேட்டரிகளைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். எரிபொருள் வாடையடிக்கும் தீப்பந்தங்களை விமானத்தில் ஏற்றவே முயல வேண்டாம். எல்லை கடக்கும் கலைஞர்கள் தொழில் சாதனங்களைத் தற்காலிகமாகக் கொண்டுசெல்லப் பயன்படுத்தும் ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணத்தில் ஒவ்வொரு பொருளையும் வரிசை எண்ணிட்டு எழுத வேண்டும். நாங்கள் அதே எண்களைக் குழிகளின் அருகே எழுதி வைத்ததால், சுங்கச் சோதனையில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.

வாங்கும்போது யாரும் சொல்லாத இன்னொன்று: ஃபோம் இன்றைய நிகழ்ச்சிக்காக வெட்டப்படுகிறது, கலைஞரோ மாறிக்கொண்டே இருக்கிறார். என் கணவர் தோள்பட்டை வலியால் ஏழு கட்டைகளிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டார். இரண்டு குழிகள் கட்டை வடிவிலேயே வெறுமையாக இருக்கின்றன. அவற்றை வெட்டி அகலப்படுத்த அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. எனக்குப் புதிதாக வந்திருக்கும் பாட்டி பொம்மையின் தலைக்கோ இடமில்லை, அது துணியில் சுற்றி என் மடியில்தான் பயணம் செய்கிறது. முழு ஃபோமையும் ஒரே கட்டியாக வெட்டாமல், தனித்தனியாக எடுத்து மாற்றக்கூடிய தட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் சாலை வழியே போகும் கலைஞர்களுக்கு இத்தகைய பெட்டியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அடிக்கடி விமானம் ஏறுபவர்கள் மெல்லிய பலகை இல்லாமல் இதை வாங்க வேண்டாம். அடுத்த பெட்டிக்கான குறிப்பை எழுதிப் பழைய பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறோம்: 6.5 மி.மீ. பலகை, கழற்றக்கூடிய சக்கரப் பலகை, கைப்பிடி உட்பட 158 செ.மீ., மூன்று ஃபோம் தட்டுகள், இரண்டு தலைகளுக்கு இடம். அதன் கீழே என் கணவர் தம் கையால், கட்டைகளுக்கு ஏழு குழிகள் என்று எழுதியிருக்கிறார்.