நாகர்கோவிலில் பழைய மீடியம் ஃபார்மட் கேமரா வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தக்கலைப் பக்கம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். போன மாதம் நாகர்கோவிலில் பழைய கேமரா வாங்கி விற்கும் ஒரு கடையில், என் ஃபுல் ஃபிரேம் பாடியையும் (லென்ஸ் இல்லாத கேமரா) மேற்கொண்டு 90,000 ரூபாயையும் கொடுத்து, அதைவிடப் பெரிய சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள மீடியம் ஃபார்மட் கேமராவான ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் ஒன்றை, என் பழைய லென்ஸ்களை மாட்டுவதற்கான அடாப்டருடன் வாங்கினேன். "அண்ணே, உங்க பழைய லென்ஸ் எல்லாமே இதுல முழுசா வேலை செய்யும்" என்று உறுதி சொன்ன கடைக்காரர், என் 24-70 மி.மீ. ஜூம் லென்ஸை மாட்டி ஒரு படமும் எடுத்துக் காட்டினார். அதன் நான்கு மூலைகளும் தெளிவாக இருந்ததால் நம்பிவிட்டேன்.

மறுநாள் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்தபோதுதான் சந்தேகம் வந்தது. இந்தக் கேமராவின் படம் 4:3 வடிவில் 8256 × 6192 பிக்சல் இருக்க வேண்டும். வந்திருந்தவையோ 3:2 வடிவில், சுமார் 30 மெகாபிக்சல். மெனுவில் 35 மி.மீ. ஃபார்மட் என்ற அமைப்பு முன்பே போடப்பட்டிருந்தது. சென்சாரின் நடுவில் ஃபுல் ஃபிரேம் அளவுக்கு வெட்டியெடுத்த படத்தைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறார். அதை அணைத்துவிட்டு வீட்டின் வெள்ளைச் சுவரை எடுத்தேன். அடுப்புக்கரி தேய்த்ததுபோல நான்கு மூலையிலும் இருட்டு நின்றது.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ.; இதன் சென்சார் 43.8 × 32.9 மி.மீ., அதாவது பரப்பில் ஏறக்குறைய 1.67 மடங்கு. சிறிய செவ்வகத்தை மூடினால் போதும் என்று செய்யப்பட்ட லென்ஸ் சென்சார்மேல் விழச்செய்யும் ஒளிவட்டம் பெரிய செவ்வகத்தின் மூலைவரை எட்டும் என்று சொல்ல முடியாது. 85 மி.மீ. போன்ற பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸ்கள் சில ஓரளவு எட்டிவிடும், ஜூம்கள் பெரும்பாலும் எட்டுவதில்லை. வெட்டியே எடுப்பதானால், நான் கொடுத்துவிட்டு வந்த பாடியை விட இதில் எனக்கு என்ன கூடுதல்? தேவாலய நடையில் நடந்துவரும் மணப்பெண்ணைப் பின்தொடர்வதில், ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்திக் கூர்மையைத் தேடும் கான்ட்ராஸ்ட் முறையில் மட்டும் இயங்கும் இதன் ஆட்டோ ஃபோகஸ் பழைய பாடிக்கு ஈடாகவே இல்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, எடுக்க முடியாது என்று மறுத்தவர், ஜிஎஃப் 63 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை வாங்கினால் என் 50 மி.மீ. எஃப்/1.4-ஐ விடப் பின்னணி நன்றாகக் கரையும் என்றார். அதுவும் பொய். இரண்டு சென்சார்களின் மூலைவிட்ட விகிதமான 0.79 ஆல் பெருக்கிப் பார்த்தால், அந்த லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. எஃப்/2.2 அளவுக்குத்தான் பின்னணியைக் கரைக்கும்; எஃப் எண் கூடக்கூடக் கரைவது குறையும்.

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், 35 மி.மீ. ஃபார்மட்டை நீங்களே அணையுங்கள். உங்கள் லென்ஸை மாட்டி, கடையின் வெள்ளைச் சுவரை எடுத்து, படத்தின் பிக்சல் அளவைக் கேமராவிலேயே பாருங்கள். லென்ஸ் முழுதாகப் பொருந்தும் என்ற வாக்குறுதியைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் 'பாடி, அடாப்டர்' என்ற இரண்டு சொற்களே இருக்கின்றன. இருந்தாலும் கடையில் அவர் எடுத்த அந்த முதல் படம் கார்டிலேயே இருப்பதால், அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.