டிரூபல் 7-க்குப் பிறகு எங்கே? ஆள் இல்லாத நாளை வைத்து எடுத்த முடிவு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் அலுவலகத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. மேசைக்கு அடியில் இருந்த கணினியும் அதோடு இணைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் மூழ்கிப்போயின. இணையதளத்தின் பேக்கப் முழுவதும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது. வெளியூர் சர்வரில் தளம் மட்டும் பிழைத்திருந்தது. அதற்கும் கெடு நெருங்கிவிட்டிருந்தது: அது இயங்கியது, டிரூபல் என்ற இணையதளம் கட்டி நிர்வகிக்கும் மென்பொருளின் 7-ஆம் பதிப்பில்; அதற்கு 2025 ஜனவரி 5-உடன் ஆதரவு முடியவிருந்தது. 2021 நவம்பர் என்று முதலில் அறிவித்து, பலமுறை தள்ளிவைத்து, கடைசியாக வந்த தேதி அது. இனித் தள்ளிவைக்க மாட்டார்கள் என்பது தெளிவாகிவிட்டது.

ஆதரவு முடிந்த மறுநாளே தளம் நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அதிகாரபூர்வமாக அடைத்துத் தர யாரும் இருக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவர்கள் நாங்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

வில்லியனூர் சுடுமண் பொம்மைகளையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளையும் வாங்கி வெளிநாட்டுக்கு, பெரும்பாலும் பிரான்சுக்கு, அனுப்புவது எங்கள் தொழில். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்ற பொருட்கள். நிறுவனத்தில் ஒன்பது பேர். கணினிக்கென்று தனி ஆள் கிடையாது; ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கும் நானே தளத்தையும் பார்த்துக்கொள்கிறேன். தளம் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் இருக்க வேண்டும். பிரெஞ்சு பெருமைக்காக வைத்திருப்பதில்லை. வாங்குபவர்கள் அதில்தான் படிக்கிறார்கள். நான் எழுதுவது இந்த அளவுள்ள நிறுவனத்துக்குப் பொருந்தும். நூறு பேர் வேலை செய்யும் இடத்துக்குக் கணக்கு வேறு.

வேகமாகக் கடந்துவிட வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதச் சந்தா கட்டி, இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் வாடகைத் தளங்கள் பார்வைக்கு அழகாக இருக்கின்றன. நாளைக்கு வெளியேற நினைத்தால் தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதால் அதை அன்றே விட்டுவிட்டோம். பக்கங்களை முன்கூட்டியே செய்துவைக்கும் ஹியூகோ போன்ற நிலைத்தளக் கருவிகள் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தவை. டேட்டாபேஸ் இல்லை, உடைப்பதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை, வேகம் அபாரம். ஆனால் ஒரு பொம்மையின் விலையை மாற்ற ஒரு கோப்பைத் திருத்தி, தளத்தை மறுபடி உருவாக்கி, மேலேற்ற வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதை என்னைத் தவிர யாரும் செய்யப்போவதில்லை. டிரூபல் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் பன்மொழி வசதி, தனியாக எதையும் சேர்க்காமல், மைய மென்பொருளிலேயே இருக்கிறது, அது பெரிய விஷயம். ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை. ஒரு வார அனுபவத்தை வைத்துக்கொண்டு அதைப் பற்றி மேற்கொண்டு பேசுவது நியாயமாகாது.

பேக்டிராப் என்ற ஒன்றையும் குறிப்பிட வேண்டும். டிரூபல் 7-இன் வழியிலேயே தொடர விரும்பியவர்கள் அதிலிருந்து பிரித்து வளர்த்த மென்பொருள். முதல் பதிப்பு 2015 ஜனவரியில் வந்தது. டிரூபல் 7 தளத்தை அதற்கு மேம்படுத்திக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். வீட்டை மாற்றாமல் கூரையை மட்டும் மாற்றுவது போன்ற வேலை. ஓரிரு மாலைகள் சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது நம்பிக்கையாகவே இருந்தது. பழைய தளத்தின் அமைப்பு பிடித்திருக்கிறது, அதை அறிந்த ஆள் கையில் இருக்கிறார் என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

கடைசியில் களத்தில் நின்றவை இரண்டு: புதிய டிரூபல், அதே வேலையைச் செய்யும் வேர்ட்பிரஸ்.

டிரூபலுக்குச் சேர வேண்டிய மதிப்பைக் கொடுத்துவிட்டே மேலே போக வேண்டும். சுடுமண் குதிரை ஒன்றுக்கு உயரம், எடை, சூளையின் வகை, வண்ணம் பூசியதா இல்லையா, ஒரு பெட்டிக்கு எத்தனை என்று தனித்தனிக் கட்டங்கள் தேவை. டிரூபலில் அந்தக் கட்டங்களைக் கட்டுவதும், அவற்றை வைத்துப் பட்டியல் எடுப்பதும் மைய மென்பொருளிலேயே இருக்கின்றன. எடைக்கான கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்காது. 2015 நவம்பரில் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து பன்மொழி வசதியும் மையத்தில் சேர்ந்துவிட்டது. ஒரே பொருளுக்கு மூன்று மொழிப் பக்கங்கள், எடை மட்டும் மூன்றுக்கும் பொது என்று வைத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸில் இந்த இரண்டுக்குமே பிளகின் என்னும் துணை நிரல் போட வேண்டும். அமைப்பின் நேர்த்தியை மட்டும் பார்த்தால் டிரூபல் ஒரு படி மேல்தான். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

ஆனால் டிரூபல் 7-இலிருந்து 10-க்கோ 11-க்கோ போவது மேம்பாடு அல்ல, குடிபெயர்வு. 8-ஆம் பதிப்பில் அடித்தளத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய தீம், அதாவது தளத்தின் தோற்ற வடிவம், செல்லாது, புதிதாக எழுத வேண்டும். எங்களுக்கென்று எழுதி வாங்கிய மாட்யூல்களும், அதாவது டிரூபலின் துணை நிரல்களும், அப்படியே. உள்ளடக்கத்தை இழுத்துவரக் கருவி இருக்கிறது, அது நன்றாகவும் வேலை செய்தது. ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை புதுத் தளம் கட்டும் வேலைதான். சென்னையில் ஒரு நிறுவனம் இதற்கு இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கேட்டது. வேலையின் அளவைப் பார்த்தால் அது அநியாயமான தொகை இல்லை. வேர்ட்பிரஸுக்கு இங்கே உள்ளூரில் அறுபத்தைந்தாயிரத்தில் முடிந்தது.

இருந்தாலும் முடிவைத் தீர்மானித்தது பணம் இல்லை. ஆள் இல்லாத நாளில் இந்தத் தளம் என்ன ஆகும் என்ற கேள்விதான் தீர்மானித்தது.

2014 அக்டோபர் 15 அன்று டிரூபல் 7-இல் மிக மோசமான ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளங்கள் எல்லாம் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும் என்று டிரூபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் சொன்னது. அந்த ஏழு மணி நேரம் நமக்கு எந்த நேரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் இரவு ஒன்பதரை வாக்கில் தொடங்கி விடிகாலை நான்கரைக்கு முடிகிறது. அன்றைக்கு எங்கள் தளத்தைக் கட்டிய இளைஞர் லாஸ்பேட்டையில் இருந்தார். தற்செயலாக விழித்திருந்தார், இரவோடு இரவாகத் திருத்தம் போட்டார்.

2018 மார்ச் 28-இல் அதே அளவு கடுமையான இன்னொரு ஓட்டை வந்தது. அப்போது அவர் பெங்களூருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அறிவிப்பு எனக்கும் மின்னஞ்சலில் வந்தது. கப்பல் சரக்கு அனுப்பும் பரபரப்பில் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஏப்ரல் 12-இல் அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் வழி வெளியானது, அதைத் தொடர்ந்து தாக்குதல்கள் பெருகின. நான் ஆள் பிடித்துத் திருத்தம் போட்டது ஏப்ரல் 20-ஆம் தேதி. அதற்குள் படங்கள் வைக்கும் அடைவில், எங்களுடையவை அல்லாத இரண்டு பி.எச்.பி. கோப்புகள், அதாவது சர்வரில் ஓடும் நிரல்கள், உட்கார்ந்திருந்தன. எப்போது வந்தன, என்ன செய்தன என்று இன்றுவரை முழுதாகத் தெரியாது. தளத்தை இறக்கி, சுத்தமாக மறுபடி நிறுவ ஐந்து நாள் ஆனது.

மென்பொருளின் மீது எனக்குக் கோபம் இல்லை. ஓட்டை எல்லாவற்றிலும் வரும். அவர்கள் உடனே அடைத்துத் தந்தார்கள், போட வேண்டிய கை எங்களிடம் இல்லை. வேர்ட்பிரஸ் 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவிக்கொள்கிறது. 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளகின்களையும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லலாம். நான் சரக்கோடு துறைமுகத்தில் நிற்கும்போதும், ஊரே மின்சாரமில்லாமல் இருண்டு கிடக்கும்போதும், எங்கோ இருக்கும் சர்வரில் அந்த வேலை நடந்துவிடுகிறது. ஒன்பது பேர் கொண்ட நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய வசதி எதுவும் எனக்குத் தென்படவில்லை. புதிய டிரூபலில் புதுப்பிக்கும் முறை சீரானது, 9-இலிருந்து 10, 10-இலிருந்து 11 என்று போவது பழையபடி குடிபெயர்வாகவும் இல்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்த அமைப்பில் மென்பொருள் பாகங்களை நிறுவும் கம்போசர் என்ற கருவியின் கட்டளைகளை அறிந்த ஒருவர் கறுப்புத் திரையின் முன் உட்கார வேண்டியிருந்தது. அந்த ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள எங்களால் முடியாது.

ஆள் கிடைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். புதுச்சேரியில் டிரூபல் அறிந்தவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் தேடிய இரண்டு மாதத்தில் மூன்று பேரைப் பார்த்தேன், மூவருமே பெரிய நிறுவனங்களின் வேலையில் இருந்தார்கள். வேர்ட்பிரஸுக்குக் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும்கூட அழைப்பு வந்தது. உலகத் தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதில் ஓடுவதால் வரும் பலன் இது: இவர் போனால் இன்னொருவர்.

எல்லாவற்றுக்கும் மேல், தினசரி கை வைக்கப்போவது எங்கள் கணக்குப் பிரிவு அக்கா. பழைய தளத்தில் ஒரு பொருளைத் திருத்த அவரிடம் சொன்னால் முதலில் கையைத் துடைத்துக்கொள்வார். "தம்பி, நான் எதையும் கெடுத்துவிட மாட்டேனே?" என்று கேட்டுக்கொண்டேதான் சுட்டியைத் தொடுவார். எங்கள் படிவத்தில் முப்பதுக்கு மேல் கட்டங்கள், பாதி ஆங்கிலத்தில். புதிய தளத்தில் தமிழ் மெனு. படம், தலைப்பு, பத்தி என்று பக்கத்தில் எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படியே திருத்தும்போதும் தெரிகிறது. அவர் சேமித்த ஒவ்வொரு பழைய வடிவமும் உள்ளே இருக்கிறது என்றும் இரண்டே சொடுக்கில் திரும்பிவிடலாம் என்றும் ஒருமுறை செய்து காட்டினேன். இப்போது நவராத்திரிக் கொலு வரிசையை அவரே ஏற்றுகிறார். பழைய டிரூபலிலும் இந்த வசதி இருந்தது, படிவத்தைச் சுருக்கி எளிமையாக்கியும் இருக்கலாம். யாரும் செய்து தரவில்லை, நானும் கேட்கவில்லை.

எந்தப் பக்கம் போனாலும் தப்பாத வேலை ஒன்று உண்டு: பழைய முகவரிகள். எங்கள் பொம்மைகளில் தொங்கும் அட்டையில் கியூ.ஆர். குறி அச்சிட்டிருக்கிறோம். 'நோட்/137' என்று, டிரூபல் பக்கத்துக்குத் தந்த எண்ணில் முடியும் பழைய முகவரியில்தான் அது திறக்கும். அந்த அட்டைகள் பிரான்சில் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன, திரும்ப வாங்க முடியாது. எண்ணைக் கொண்ட முகவரி, பெயரைக் கொண்ட முகவரி, மூன்று மொழி என்று எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் எழுதியபோது 412 வரிசை வந்தது. ஒவ்வொன்றுக்கும் புதிய முகவரியை எதிரே எழுதி, நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லும் 301 திருப்பம் வைத்தோம். குறைந்தது ஒரு வருடம் திருப்பங்களை வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. நாங்கள் அட்டைகளுக்காக என்றைக்குமே எடுக்கப்போவதில்லை.

இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் வந்தது. தமிழ்த் தலைப்பை வைத்து வேர்ட்பிரஸ் தானாக முகவரி அமைக்கும்போது, ஒவ்வொரு யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்து என்று ஒன்பது இடத்தைத் தின்றுவிடுகிறது. மொத்த இடம் 200. கொம்பும் காலும் புள்ளியும் தனிக்குறியாக எண்ணப்படுவதால், இருபத்திரண்டு குறிகளுக்கு மேல் போனால் முகவரி நடுச்சொல்லில் வெட்டுப்பட்டு நின்றுவிடும். 'வில்லியனூர் சுடுமண் யானை விளக்கு' என்ற தலைப்பே தாங்கவில்லை. தமிழ்ப் பக்கங்களுக்கு முகவரியைக் கையால் சுருக்கி எழுதுவது என்று முடிவு செய்தோம். இதை முதல் நாளே செய்யுங்கள்; இருநூறு பக்கம் ஏற்றிய பிறகு திருத்துவது கொடுமை.

இன்னொன்றும் கிளம்பியது. 31 தமிழ்ப் பக்கங்களில் உள்ளே இருந்தது யூனிகோடு அல்ல. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டியிருந்தார்கள். எழுத்துரு இருந்தவரை தமிழாகத் தெரிந்தது, புதிய தளத்தில் வெறும் ஆங்கிலக் குப்பையாக வந்து விழுந்தது. இத்தனை வருடம் கூகுள் தேடலில் அந்தப் பக்கங்கள் ஏன் சிக்கவில்லை என்பது அன்றுதான் புரிந்தது. மாற்றிக் கருவியில் போட்டு எடுத்து, ஒற்றுப்பிழையை உட்கார்ந்து திருத்தினோம்.

வேர்ட்பிரஸில் எனக்கு நெருடலாக இருப்பது பிளகின்கள்தான். ஓட்டைகள் பெரும்பாலும் அவற்றின் வழியாகவே வருகின்றன. ஐம்பதாயிரத்துக்கு மேல் இலவசமாகக் கிடைப்பதால் கை பரபரக்கும். ஏழுக்கு மேல் போவதில்லை என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மொழிக்கு ஒன்று, கட்டங்களுக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்பதற்கு எதிரே ஒரு வரி. தானியங்கிப் புதுப்பிப்பு ஒருமுறை மொழி மாற்றும் பொத்தானை மறைத்துவிட்டது. காலையில் பார்த்து, முந்தைய நாள் பேக்கப்பிலிருந்து மீட்டேன். பேக்கப் இப்போது தினமும் வேறொரு ஊரின் சர்வருக்குப் போகிறது, அலுவலகத்தில் இருப்பது இரண்டாவது பிரதி மட்டுமே.

துறைவாரியாகப் பலர் எழுதி, ஒருவர் ஒப்புதல் கொடுத்த பிறகே பக்கம் வெளியாக வேண்டும் என்ற கட்டாயம் உள்ள கல்லூரியோ மருத்துவமனையோ என்றால் டிரூபலையே பார்க்கச் சொல்வேன். பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கிவிட்டு.

நாங்கள் மாறி இன்னும் ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. பெரிய பி.எச்.பி. பதிப்பு மாற்றம் ஒன்றை இந்தத் தளம் இதுவரை சந்திக்கவில்லை. அடுத்த முறை ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்கும்போது அது வரும். அதற்கு முன்னால் சோதனைத் தளத்தில் ஏழு பிளகின்களையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.