டேரியஸ்: அந்தச் சிவப்பு உருண்டையைத் தொடாதீர்கள்

"டேரியஸ் காஸ்மிக் கலெக்‌ஷன் ஆர்கேட் தள்ளுபடியில் வந்திருக்கிறது, ஸ்விட்சுக்கு வாங்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். டேரியஸ் என்பது விண்கப்பலை ஓட்டி எதிரிகளைச் சுடும் பழைய வீடியோ கேம் வரிசை; ஸ்விட்ச், நிண்டெண்டோவின் கையடக்க ஆட்டக் கருவி. நெடுநாளாக ஆடிவரும் தொகுப்புதான். ஆனாலும் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. தொகுப்பின் முதல் ஆட்டமான பழைய டேரியஸில் எனக்கு ஒரு தீராத கோபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று சொல்வது நியாயமாகாது.

கோபத்துக்குக் காரணம் லேசர்.

வண்ணம் பூசிய எதிரிக் கூட்டத்தில் ஒன்றுவிடாமல் சுட்டு வீழ்த்தினால் அதே வண்ணத்தில் ஓர் உருண்டை வரும். பச்சை வெடிகுண்டுக்கு, நீலம் கவசத்துக்கு, சிவப்பு முன்பக்கத் துப்பாக்கிக்கு. சிவப்பு சேரச் சேர ஆயுத பலத்தைக் காட்டும் மானி நிரம்பும். நிரம்பியதும் தொடக்க ஆயுதமான ஏவுகணை லேசராகும், அதுவும் நிரம்பினால் வேவ் (அலை) ஆகும். காகிதத்தில் பார்த்தால் இது ஏறுமுகம். ஆடிப் பார்த்தால் நடுப்படி ஒரு பள்ளம்.

ஏன் என்று புரிந்துகொள்ள ஒரு விதியை அறிய வேண்டும். திரையில் ஒரே நேரத்தில் இத்தனை குண்டுகள்தான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. ஒன்று மறைந்தால்தான் அடுத்தது பிறக்கும். ஏவுகணை எதிரியில் பட்டவுடன் மறைந்துவிடும், அதனால் நெருங்க நெருங்கச் சுடும் வேகம் கூடும். கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸின் முகத்தோடு முகம் வைத்துச் சுட்டால் மழைபோலக் கொட்டும். லேசரோ எதிரியைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். துளைப்பது பலம் என்று தோன்றும். ஆனால் இந்த ஆட்டம் மூன்று திரை அகலம். துளைத்துப் போன கோடு கடைசி ஓரத்தைத் தொடும்வரை அதன் இடம் காலியாகாது. அதுவரை பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. கோடும் மெல்லியது, அரை உடல் விலகியிருந்தாலும் எதிரி தப்பிவிடும். ஆயுதம் உயர்ந்த அந்த நொடியில் கப்பல் பலவீனமாகிறது!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. செத்தால் மானி அப்போதைய படியின் தொடக்கத்துக்குத் திரும்பும். லேசர் பாதி நிரம்பி, வேவுக்கு நான்கு உருண்டை மீதம் இருக்கும்போது செத்தால், மறுபடி வெறும் லேசர். ஏவுகணைக்குத் திரும்பவும் வழியில்லை. ஐந்தாம் கட்டத்தில் இப்படி மாட்டிக்கொண்டால் வெளியே வருவது பெரும்பாடு.

தப்பிக்க வழிகள் இரண்டு. ஒன்று, ஏவுகணையிலேயே கடைசிவரை இருந்துவிடுவது. மானி நிரம்பப் போகிறது என்று தெரிந்ததும் சிவப்புக் கூட்டத்தில் ஒருவனை வேண்டுமென்றே தப்பவிடுங்கள், உருண்டையே வராது. வந்துவிட்ட உருண்டையைத் தவிர்ப்பது கடினம், அது குண்டுகளுக்கு நடுவே நம் பாதையில்தான் மிதந்து வரும். இரண்டாவது வழி, எளிதான முதல் கட்டங்களிலேயே சாகாமல் சிவப்பை எல்லாம் அள்ளி லேசரைக் கடந்துவிடுவது. வேவ் வந்துவிட்டால் கவலை இல்லை. அகலமானது, பாறைச் சுவரையும் ஊடுருவும், செத்தாலும் வேவின் தொடக்கத்தில்தான் நிற்பீர்கள். இரண்டுக்கும் நடுவே "கிடைத்ததை எடுப்போம்" என்று ஆடுவதுதான் தோல்வி. இருவர் சேர்ந்து ஆடினால் இன்னும் நல்லது. ஒருவர் ஏவுகணையில் நிற்க, மற்றவர் சிவப்பு முழுவதையும் எடுத்து விரைவாக வேவுக்குப் போகலாம்.

சரி, இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் ஆடுகிறேன்? கிளைபிரியும் வரைபடம்தான் காரணம். ஒவ்வொரு பாஸும் வீழ்ந்த பிறகு பாதை இரண்டாகப் பிரியும், மேலே பறந்தால் ஒரு ஸோன் (ஆட்டக் களம்), கீழே பறந்தால் இன்னொன்று. மெனு எதுவும் கிடையாது, கப்பலைத் திருப்புவதே தேர்வு. முதல் கட்டத்தில் ஒரு ஸோன், இரண்டாவதில் இரண்டு என்று விரிந்து ஏழாவது கட்டத்தில் ஏழு, மொத்தம் 28. ஓர் ஆட்டத்தில் பார்ப்பது ஏழு மட்டும். ஆறு பிரிவுகள் என்பதால் 64 வழிகள். எப்போதும் மேலேயே போனால் எட்டும் ஓரத்து ஸோனுக்கு ஒரே ஒரு வழி; கடைசி வரிசையின் நட்டநடு ஸோனுக்கோ 20 வழிகள்.

28 ஸோன்களையும் பார்க்கக் குறைந்தது ஏழு ஆட்டம் வேண்டும், ஏழே போதும். முதல் ஆட்டத்தில் எல்லாப் பிரிவிலும் மேலே. இரண்டாவதில் முதல் பிரிவில் மட்டும் கீழே, பிறகு மேலே. மூன்றாவதில் முதல் இரண்டில் கீழே, பிறகு மேலே. இப்படியே ஒவ்வொன்றாகக் கூட்டி, ஏழாவதில் ஆறு பிரிவிலும் கீழே. ஒன்றும் விடுபடாது. பழைய டேரியஸில் முதல் சில கட்டங்களில் எந்தப் பக்கம் போனாலும் அதே பாஸ்தான் வரும் என்பது ஏமாற்றம். ஆனாலும் சைரன் ஒலித்து, மாபெரும் போர்க்கப்பல் கிங் ஃபாசில் வேகமாக நெருங்குகிறது என்ற எச்சரிக்கை திரையை நிறைத்து, இரும்பில் செய்த சீலகாந்த் மீன் உள்ளே வரும் அந்தத் தருணம் சலித்ததே இல்லை. ஆட்டத்தை உருவாக்கிய டைட்டோ நிறுவனத்தின் ஜுன்டாட்டா இசைக்குழுவில் ஒகுரா ஹிசாயோஷி அமைத்த இசைக்குப் பெரும் பங்கு உண்டு. காதில் ஹெட்ஃபோன் இல்லாமல் ஆடாதீர்கள்.

இனி நண்பரின் உண்மையான கேள்வி: ஸ்விட்ச். காசு போட்டு ஆடும் மூல ஆர்கேட் எந்திரத்தில் 4:3 திரைகள் மூன்றைக் கண்ணாடி வைத்து இணைப்புத் தெரியாமல் சேர்த்திருந்தார்கள். சேர்த்தால் விகிதம் 4:1. பழைய ஸ்விட்சின் 6.2 அங்குலத் திரை சுமார் 13.7 செ.மீ. அகலம். அதில் ஆட்டத்தின் படம் ஏறக்குறைய 3.4 செ.மீ. உயரம்தான். எதிரியின் குண்டு கடுகைவிடச் சிறியது. கையில் பிடித்து ஆட இது தகுதியற்றது, மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. 43 அங்குல டிவியில் படம் 24 செ.மீ. உயரம் வரும், அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அருமை. எம்2 நிறுவனம் ஸ்விட்சுக்கு மாற்றியமைத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே தொகுப்பில் 1994-இன் டேரியஸ் கைடன் இருக்கிறது. ஒற்றைத் திரை ஆட்டம், அதனால் கையிலேயே ஆடலாம். ஆயுதம் படிக்குப் படி பலமாகவே வளர்கிறது. நடுவில் வரும் கேப்டன் எதிரியின் உடலில் ஒட்டியிருக்கும் உருண்டையை மட்டும் சுட்டுக் கழற்றி, அதைத் தொட்டால் அவன் சற்று நேரம் நம் பக்கம் போரிடுவான். அவசரப்பட்டு அவனையே சுட்டுக் கொன்றுவிடாதீர்கள். 28 ஸோன் வரைபடம் இதிலும் உண்டு, மேலே சொன்ன ஏழு ஆட்டக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

எந்த அளவுகோலிலும் கைடன்தான் சிறந்த ஆட்டம். பழைய டேரியஸுக்கு இன்றைக்கு 5-க்கு 2, அதற்கு மேல் தர மனம் வரவில்லை. ஆனால் தொகுப்பைத் திறந்தால் கை முதலில் போவது அந்த மூன்று திரை ஆட்டத்துக்குத்தான். டிவி இருந்தால் வாங்குங்கள். கையில் வைத்து மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால், கைடன் ஒன்றுக்காக அந்த விலை கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.